உப்புப் போட்ட வைக்கோல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு,

மண் சுவரில் போடுகிற வைக்கோலின் பக்குவத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் பாய், புதியவர்கள் படிக்கட்டும் என்று நம் இன்ஜினியரம்மா கேட்டிருக்கிறார். முழங்கால் மடங்க மறுத்து, நான் திண்டுக்கல் வீட்டோடு உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. என்னிடம் இன்னும் ஒன்றைக் கேட்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்து உட்கார்ந்தபோதுதான் எழுத அதிகமில்லை என்று தெரிந்தது.

வைக்கோலை எப்படி உதறுவது, சுவருக்கு முழ நீளமும் பூச்சுக்கு விரல் நீளமும் ஏன், மெஷின் அறுத்த வைக்கோலில் தங்கிவிட்ட நெல்மணி சுவருக்குள் முளைத்து எப்படி வெளியே எட்டிப்பார்க்கும் என்பதெல்லாம் பழனியம்மாவோடு அரை நாள் நின்றால் உங்களுக்கே தெரிந்துவிடும். நான் எழுதப்போவது வேறு. ஆத்தூர்ப் பக்கம் நாம் கட்டிய ஒரு வீட்டின் சுவரை மாடு நக்கியதே, அதைப் பற்றி. அந்தக் கதை உங்கள் காதுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். சிரித்தும் இருப்பீர்கள். ஆனால் சொன்னவர்கள் யாருக்கும் முழுசாகத் தெரியாது. எங்களுக்குள் நடந்ததும் சேர்த்து முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் சொல்லமாட்டார், ஆகவே நான் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் வைக்கோல்காரனாகப் பிறக்கவில்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். பச்சைத் தோல் வந்து இறங்கும்போது முதலில் தொடுகிற கை என்னுடையது. இது தேறும், இது தேறாது, இதில் ஈ உட்கார்ந்துவிட்டது என்று பிரித்துப் போடுவேன். அந்த நாற்றத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு ஏக்கம் வரும். நீங்கள் மூக்கைப் பிடிப்பீர்கள். எனக்கு அது என் வாலிபத்தின் வாசனை, என்ன செய்வது. அங்கே வேலை பார்த்தவர்கள் யாரும் வெள்ளிக்கிழமை அத்தர் பூசாமல் தெருவில் இறங்கமாட்டோம். பூசினாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருக்கும்.

பச்சைத் தோல் ஒரு பொழுது சும்மா கிடந்தால் கெட்டுப்போகும். அதனால் வந்து இறங்கியதும் கல் உப்பைத் தூவித் தேய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். ஒரு அடுக்குத் தோல், ஒரு கை உப்பு. இருபத்திரண்டு வருடம் இதைச் செய்த கைக்கு ஒன்றுதான் தெரியும். ஈரமான பொருள் கெடாமல் இருக்க வேண்டுமா, உப்பைப் போடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாப் மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு மாதம் சும்மா இருந்தேன். மூன்றாவது மாதம், மண்ணில் வீடு கட்டுகிற ஒரு அம்மா ஆள் தேடுகிறார் என்று யாரோ சொல்ல, போய் நின்றேன். இன்ஜினியரம்மா அப்போது முப்பதைத் தாண்டியிருக்கமாட்டார். என்ன வேலை தெரியும் என்றெல்லாம் கேட்கவில்லை. மூன்று கட்டு வைக்கோலை என் முன்னால் போட்டார்.

"இதுல எத எடுக்கலாம், எதத் தள்ளலாம்? சொல்லுங்க பாய்."

இரண்டு கட்டு நல்ல மஞ்சள். ஒன்று கறுத்துக் கிடந்தது. யாராக இருந்தாலும் கறுத்ததைத் தள்ளுவார்கள். நான் மூன்றுக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டேன். மஞ்சளில் ஒன்று உள்ளே வெதுவெதுவென்றிருந்தது, எடுத்து முகர்ந்தால் பூசண வாடை. அதைத் தள்ளினேன். கறுத்தது வெளியேதான் வெயிலிலும் மழையிலும் நிறம் போயிருந்தது. உள்தாளை முறுக்கிப் பார்த்தேன், முறியாமல் நின்றது. அதை எடுத்து வைத்தேன்.

"இந்த மூக்க எங்க வளத்தீங்க?" என்றார்.

"தோல் ஷாப்புலம்மா."

"அப்ப நாளைக்கே வாங்க."

அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். என் மூக்குக்கு இந்த ஊரில் இன்னொரு வேலை இருக்கிறது என்று நினைக்க நினைக்கக் கண் கலங்கியது. மனைவி, பிள்ளைகளிடம் தூசி விழுந்துவிட்டது என்றேன்.

பழனியம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இப்போது உங்களை விரட்டுகிற பழனியம்மா அன்றைக்கு இன்னும் மோசம். மண் மிதிக்கிற பெண்களுக்கெல்லாம் தலைவி. என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் களத்தில் அவர் குரல் எழுந்தால் நான் எழுந்து நிற்பேன். வாயில் எந்நேரமும் வெற்றிலை. காலையில் மட்டும் வாயைக் கழுவிவிட்டு, வெட்டிய மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பத்துப் பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காத்திருப்பார்கள். பழனியம்மா துப்பிவிட்டு, "ம், எறங்குங்க" என்று சொன்ன பிறகுதான் குழியில் கால் படும்.

இந்தப் பக்கத்து மண்ணில் உவர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். உவர் மண்ணில் எழுப்பிய சுவர் காயக் காய வெள்ளையாகப் பூக்கும், பிறகு பொரிந்து உதிரும். அது கண்ணுக்குத் தெரியும்போது சுவர் எழும்பியிருக்கும். முன்கூட்டியே சொல்வது நாக்கு ஒன்றுதான். பழனியம்மாவின் நாக்கு அதுவரை ஒரு சுவரையும் பூக்கவிட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் ஒருநாள் சொன்னார். "பாய், நீங்க மூக்கு, நான் நாக்கு. ரெண்டும் ஒரே மூஞ்சியில இருந்தாத்தான் அழகு."

அதை அதுவரை யாரும் எனக்குக் கொடுக்காத பெரிய மரியாதையாக நினைத்து வைத்திருந்தேன்.

ஆத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளைச்சாமி என்று ஒரு பால்காரர். நாலு மாடு. பழைய வீட்டின் கூரை விழுந்து, அவரும் அவர் சம்சாரமும் மாட்டுக் கொட்டகையிலேயே ஒரு மூலையைச் சாக்குத் தட்டியால் மறைத்துக் குடியிருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் சுவர் எழும்பிக் கூரை ஏறிவிட வேண்டும் என்பது பேச்சு. நாங்கள் இரண்டு அடுக்கு ஏற்றியிருந்தோம். இன்னும் நாலு அடுக்கு பாக்கி.

அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகைக்கு நான் வழக்கம்போலச் செம்பட்டிப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பியிருப்பேன். அன்று என் தம்பி வீட்டில் விருந்து. திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிவிட்டேன். அடுத்த வாரத்துக்கான வைக்கோல் முழுவதும் களத்தில் விரித்துக் கிடந்தது. மேற்கே மலை மேல் கறுத்திருந்ததையும் பார்த்தேன். மழை வராது என்று நானே முடிவு செய்தேன். தார்ப்பாய் சுருட்டி ஓரமாக இருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரியாணி ஆறிவிடும் என்ற அவசரம் என்று உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அரை மணி நேரம்தான் பெய்ததாம். மிதிக்கிற பெண்கள் மறுபக்கம் குழியை மூட ஓடியிருக்கிறார்கள். வைக்கோலைப் பாய் மூடியிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு நாளாவது நான் மூடாமல் போயிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். சாயங்காலம் திரும்பி வந்தேன், எல்லோரும் போயிருந்தார்கள். வைக்கோல் நனைந்து படுத்துக் கிடந்தது. கையை விட்டேன். இன்னும் சூடு வரவில்லை. நாளை மறுநாள் வந்துவிடும் என்று கைக்குத் தெரிந்தது.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. இன்ஜினியரம்மாவுக்கு ஒரு போன். "அம்மா, நான் மூடல, நனைஞ்சிருச்சு." அவ்வளவுதான். திங்கட்கிழமை வேலை அரை நாள் தள்ளிப் போயிருக்கும், கெட்டதைத் தள்ளி வேறு வாங்கியிருப்போம். ஆனால் மூக்கு மூக்கு என்று ஊரே சொல்கிற பாய், வானத்தைப் பார்க்கத் தெரியாமல் விருந்துக்குப் போனான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வராதபோது கை முந்திக்கொண்டது. மறுநாள் விடியலில் செம்பட்டியில் ஒரு மூட்டை கல் உப்பு வாங்கினேன். யாரும் வருவதற்கு முன்னால் தூவித் தூவி அடுக்கினேன். ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு கை உப்பு.

ஒளித்துச் செய்கிறோம் என்ற உறுத்தல்கூட அப்போது இல்லை, அதுதான் வேடிக்கை. பழைய வேலையை நெடுநாள் கழித்துச் செய்கிற சுகம் கையில் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நல்ல வெயில். மறுபடி விரித்துக் காயவைத்தேன். திங்கட்கிழமை வைக்கோல் பொன்னாக இருந்தது. ஒரு துளி பூசணம் இல்லை. இன்ஜினியரம்மா ஒரு பிடி எடுத்துப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். எனக்குக் கால் தரையில் இல்லை. உங்களுக்கெல்லாம் தெரியாத ஒரு மருந்து என்னிடம் இருக்கிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்த வைக்கோல் மூன்றாவது அடுக்கிலும் நாலாவது அடுக்கிலும் போனது.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் பழனியம்மா சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அசையாமல் பார்த்தார். போய்ப் பார்த்தேன். மூன்றாவது அடுக்கின் மேல் மெலிதாக வெள்ளை. விரலால் தடவி நாக்கில் வைத்தார். முகம் சுருங்கிவிட்டது.

"உவரு, பாய்," என்றார். உடனே திரும்பி எல்லோருக்கும் கேட்கிறபடி கத்தினார். "வேலைய நிப்பாட்டுங்க. சுவத்துல உவரு பூத்திருக்கு."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மண்ணைப் பார்த்துச் சொன்னவர் அவர். சுவர் பூத்தால் பழி அவர் தலையில் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். கையால் தேய்த்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கலாம். பார்த்த அந்த நிமிடத்திலேயே கத்தினார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

இன்ஜினியரம்மா வந்து பார்த்தார். கீழ் இரண்டு அடுக்கும் சுத்தமாக இருந்தன. மண் ஒரே குழியில் எடுத்தது. ஆனால் குழி இப்போது இடுப்பளவு இறங்கியிருந்தது.

"ஆழத்துல உவர் இருந்திருக்கும் போல. மேல் மண்ண மட்டும் பாத்துட்டு விட்டுட்டீங்களாம்மா?" என்று பழனியம்மாவிடம் கேட்டார்.

"தெனமும் பாத்தேன்மா. ஒரு நாளு விடல." பழனியம்மா குழிக்குள் இறங்கி அடிமண்ணை எடுத்து மறுபடி நாக்கில் வைத்தார். "இப்பவும் இல்லயே. எனக்கு ஒண்ணும் தெரியலயே."

வெள்ளைச்சாமிக்கு அடக்க முடியவில்லை. பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மழை வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு கொட்டகையில் படுத்திருப்பவர். "எப்புடித் தெரியும்? வெத்தலயப் போட்டுப் போட்டு நாக்கு செத்துப்போச்சு. உங்கள நம்பி வீட்டக் குடுத்தேனே! நீங்கள்லாம் உப்புப் போட்டுத்தான சோறு திங்கிறீங்க?"

ரோஷம் இருக்கிறதா என்று கேட்க நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அவர் பழனியம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்குத்தான் காது அடைத்தது.

மண்ணைச் சோதனைக்கு அனுப்பலாம், முடிவு வரும்வரை வேறு குழி பார்க்கலாம், அதுவரை பழனியம்மா மண் பார்க்க வேண்டாம், சல்லடைப் பக்கம் இருக்கட்டும் என்று முடிவானது. இன்ஜினியரம்மா அதை மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் அது அதுதான். பழனியம்மா மடியிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்து, கொட்டகைக் கூரையில் செருகிவிட்டு, சல்லடையிடம் போய் உட்கார்ந்தார்.

சோதனை முடிவு வந்தால் மண்ணில் உப்பில்லை என்று தெரிந்துவிடும், அவர் பெயர் தானாகத் திரும்பிவிடும், நான் நடுவில் வர வேண்டியதே இல்லை என்று என் மனசு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தது. இப்படி வழி கண்டுபிடிப்பதில் நம் மனசுக்கு நிகர் கிடையாது. அதை நம்பாதீர்கள்.

அன்று மதியமே மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. செவலைப் பசு. நேராகச் சுவரிடம் போய் நாலாவது அடுக்கை நக்க ஆரம்பித்தது. ஓட்டினால் போகவில்லை. நக்கி நக்கி மூலையில் ஒரு குழியே விழுந்துவிட்டது. மண்ணை உதறிவிட்டு, நீட்டிக்கொண்டிருந்த வைக்கோல் நுனிகளைப் பிடித்து இழுத்து இழுத்துத் தின்றது. கீழ் அடுக்கிலும் வைக்கோல் நீட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைத் தொடவில்லை. ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மாட்டுக்குக்கூட உவரு தெரியுது. பழனியம்மாவுக்குத் தெரியல பாரேன்!" என்றது ஒரு குரல்.

பழனியம்மா சல்லடையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். நான் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குமேல் எனக்கு எந்தச் சாக்கும் இல்லை, என்னைத் தவிர அங்கே உப்பு வைக்கோலில்தான் என்று தெரிந்த உயிர் அந்த மாடு ஒன்றுதான். இருந்தும் அன்றைக்கு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, படுத்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

மறுநாள் மதியம் எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். பழனியம்மா தன் தூக்குச் சட்டியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முந்தின நாளிலிருந்து வெற்றிலை போடவில்லை, உதடு வெளுத்திருந்தது. மூடியில் கொஞ்சம் கத்தரிக்காய் வெஞ்சனத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"பாய், செத்த இத வாயில போட்டுப் பாருங்க. உப்பு இருக்கா?"

போட்டுப் பார்த்தேன். உப்பு அளவாக இருந்தது.

"சரியாத்தான் இருக்கும்மா."

"இருக்கா?" என்றார். குரல் சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது. "காலையில எனக்குத் தெரியல. போட்டமா போடலயான்னு ஒரே கொழப்பம். பக்கத்து வீட்டுக்காரியக் கூப்பிட்டு நாக்குல வச்சுக் காட்டிட்டுத்தான் எறக்குனேன். வெத்தலதான் நாக்கக் கெடுத்துருச்சு போல, பாய்."

நான் ஒரு சுவரைக் கெடுத்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சுவரைத் திருப்பிக் கட்டலாம். இந்தப் பெண் தன் நாக்கைத் தானே நம்பாமல் ஊராரிடம் உப்புப் பார்க்கச் சொல்கிறாரே, அதை எதை வைத்துக் கட்டுவது?

எச்சில் கையோடு எழுந்து நின்றேன். இன்ஜினியரம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச்சாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மண்ணுல உப்பு இல்ல. வைக்கல்ல இருக்கு. நான்தான் போட்டேன்."

யாருக்கும் புரியவில்லை. வெள்ளைச்சாமி வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வைக்கல்ல எவனாச்சும் உப்புப் போடுவானா? அது என்ன ஊறுகாயா பாய்?"

மழை, விருந்து, செம்பட்டி, மூட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். தோல் ஷாப்பையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, அந்த உப்பு அத்தனை முட்டாள்தனமாக என் காதுக்கே கேட்டது. இன்ஜினியரம்மா கோபப்பட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எத்தன அடுக்கு?"

"மூணாவதும் நாலாவதும்."

"அப்ப அது ரெண்டையும் எறக்கிரலாம்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு டிபன் பாக்ஸை மூடிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் பழனியம்மாவைப் பார்த்தார். "அம்மா, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். நாளைக்குக் காலையில மண்ண நீங்கதான் பாக்கணும்."

பழனியம்மா சட்டியைக் கழுவினார். கழுவி முடித்து, நிதானமாக என்னிடம் வந்தார்.

"உப்புப் போட்டது பெருசில்ல பாய். நனைஞ்சத மறைச்சதுகூடப் பெருசில்ல. நான் நேத்துக் காலையில அந்தக் குழிக்குள்ள நின்னு நின்னு மண்ணத் தின்னேன். அம்புட்டு மண்ணத் தின்னேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"ம்," என்றார். போய்விட்டார்.

திட்டியிருந்தால் தேவலை. அந்த 'ம்' மண்ணைத் துப்பிவிட்டு இறங்கச் சொல்கிற 'ம்' இல்லை.

இரண்டு அடுக்கையும் நானே இடிக்கிறேன் என்றேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏறினேன். செவலைப் பசு கீழே நின்று, விழுகிற கட்டியை எல்லாம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைச்சாமி அதை இழுத்துக் கட்டிவிட்டு வந்து இன்னொரு கடப்பாரையை எடுத்தார். சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

வைக்கோல் வேண்டுமே. வெளியே வாங்கி வர இரண்டு நாளாகும், வானமோ கறுக்கிறது. வெள்ளைச்சாமியின் மாட்டுக்கென்று கோடைவரை வைத்திருந்த போர் ஒன்று நின்றது. மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருளை வெளியே விடமாட்டோம் என்று அவர் தயங்கினார். அவர் சம்சாரம்தான் கொட்டகைக்குள்ளிருந்து சொன்னார்.

"வெளிய எங்க போகுது? நம்ம சுவத்துக்குள்ளதான போகுது. பிரிச்சுக் குடுங்க."

அவர் பிரித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "பாய் ஒதறட்டும். பழனியம்மா பக்கத்துல நின்னு பாக்கட்டும். ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் குழியில போடணும்."

அந்த வெள்ளிக்கிழமை காலை வரும்போது நான் ஒரு கட்டு வெற்றிலை வாங்கி வந்திருந்தேன். கொடுக்கக் கை வரவில்லை. கூரையில் செருகியிருந்த அவர் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். மதியம் வரை இருவரும் பேசாமல் வேலை பார்த்தோம். நான் உதறுவேன். அவர் ஒரு தாளை உருவி வாயில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். பிறகு நானும் கடிப்பேன். அடுத்த கட்டு. நல்ல போர் வைக்கோலுக்கு லேசான ஒரு தித்திப்பு உண்டு. இத்தனை வருடம் மோந்து மட்டும் பார்த்தவனுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று மணி இருக்கும். மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு காற்று எழுந்தது. களத்தில் வைக்கோல் விரிந்து கிடக்கிறது. நான் குனிந்து உதறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அந்தப் பழைய குரல் வந்தது.

"தார்ப்பாய்! மூடுங்க!"

திரும்பிப் பார்த்தேன். தார்ப்பாயை மூடச் சொல்கிறாரா, என்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறாரா என்று எனக்குப் புரிவதற்குள் களமே சிரித்துவிட்டது. பழனியம்மா சிரிக்கவில்லை. ஆனால் வாய் சிவந்திருந்தது. வெற்றிலை போட்டிருந்தார்.

நான் ஓடிப்போய் மூடினேன். ஓடும்போது அழுதேன், மழைத்துளி விழ ஆரம்பித்ததால் யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து நம் ஆட்களுக்கு நான் தார்ப்பாய்தான். அந்தப் பெயருக்குக் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். ஐப்பசி பிறந்து நாலாம் நாள் வெள்ளைச்சாமி வீட்டுக்குக் கூரை ஏறியது. கொட்டகையை மாடுகளுக்கே விட்டுவிட்டு அவர்கள் உள்ளே போனார்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தப்பு எல்லோரும் செய்வோம். உங்கள் பழைய வேலையின் பழக்கம் ஒன்று உங்கள் கையிலும் இருக்கும், ஒருநாள் அது உங்களைக் கேட்காமல் முந்திக்கொள்ளும். கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர் இருக்கிறீர்கள், மில்லில் இருந்து வந்தவர் இருக்கிறீர்கள். அந்தக் கையைக் கட்டிப்போட முடியாது. ஆனால் செய்ததை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட தப்பு சும்மா இருக்காது, பக்கத்தில் நிற்கிற யோக்கியமான ஆளின் தலையில்தான் போய் உட்காரும்.

எழுதி முடித்துவிடலாம் என்று இருந்தபோது போன வாரம் ஒன்று நடந்தது. அதையும் சொல்கிறேன்.

உங்களில் ஒருவர், ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பில் தொடங்கப்போகிற வீட்டின் மண்ணைக் காகிதத்தில் மடித்து என் வீட்டுக்குக் கொண்டு வந்தீர்கள். "பழனியம்மாக்கா குடுத்து விட்டாங்க. அவங்களுக்கு லேசா கரிக்கிற மாதிரி இருக்காம். உங்களயும் பாக்கச் சொன்னாங்க" என்றீர்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். கண்ணை மூடினேன்.

ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி மாத்திரையும் கொடுத்ததிலிருந்து எனக்குக் குழம்பே வெந்நீராகத்தான் இருக்கிறது. நீங்கள் எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். 'இல்ல, நல்ல மண்ணுதான்' என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அந்தப் பழைய மரியாதை ஒரு நிமிடம் கிடைக்குமே.

"என் நாக்கு போச்சுப்பா. எனக்குத் தெரியல. அவங்க நாக்கு கரிக்குதுன்னு சொன்னா கரிக்குதுதான். வேற குழி பாக்கச் சொல்லு," என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் பழனியம்மா போன் செய்தார்.

"இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் பாய் சரியா மண்ணுப் பாத்துச் சொல்லியிருக்கீங்க," என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிறுமலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

"அங்க மேகம் எப்படியிருக்கு? வைக்கல மூடியாச்சா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எப்பவோ மூடியாச்சு, தார்ப்பாய்," என்றார்.